லோ ஒன்றுக்கும் லோ இரண்டுக்கும் நடுவே

42,000 கிலோமீட்டரில் கிளட்ச் செட் மாற்றியாகிவிட்டது. தார் ரோட்டிலேயே ஓடியிருந்தால் இன்னும் நெடுநாள் தாங்கியிருக்க வேண்டிய பிளேட். எது எரித்தது என்பதில் குழப்பமில்லை: லோ ரேஞ்சில் (4×4 வண்டியில் சின்ன லீவரைத் தள்ளினால் வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை) முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவே இருக்கும் பெரிய இடைவெளி. மைலேஜ், ஏசி, டிக்கி அளவு பற்றியெல்லாம் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. இது அந்த இடைவெளியைப் பற்றி மட்டும்.

வண்டியின் பெயர் வேண்டாம். டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல், 5 கியர் மேனுவல், பார்ட்-டைம் 4×4 (வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும்), 195/80 ஆர்15 டயர். கியர் விகிதம் முதல் கியரில் 4.4, இரண்டாவது 2.3, மூன்றாவது 1.67, டிஃபரன்ஷியல் 4.1. சின்ன லீவரை லோவுக்குத் தள்ளினால் எல்லாம் இரண்டு மடங்கு.

இந்த எண்களைப் பெருக்கிப் பார்த்தால், எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போது வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று தெரியும். லோ முதல் கியரில் மணிக்கு 3.6 கிலோமீட்டர். லோ இரண்டில் 6.9. லோ மூன்றில் 9.5. ஹையில், அதாவது சாதாரண ரேஞ்சில், முதல் கியரில் 7.2, இரண்டில் 13.8. லோ இரண்டும் ஹை ஒன்றும் கிட்டத்தட்ட ஒன்றேதான். "அப்புறம் லோ எதற்கு, ஹை முதல் கியரிலேயே ஏற்றிவிடலாமே" என்று கேட்பவர்கள் இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். ஹையில் 7.2-க்கு அடுத்த படி 13.8, கரடுமுரடான பாதையில் அந்தத் தாவல் நடக்காது, எஞ்சின் திணறி நின்றுவிடும். லோவில் இருந்தால் 6.9-க்குப் பிறகு 9.5 கிடைக்கிறது. ஹையில் இல்லாத அந்த ஒரு படிக்காகவே சின்ன லீவரைத் தொடலாம்.

லோ மூன்று, மணலிலும் சேற்றிலும் கிடைக்கும் எதிர்பாராத சுகம். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணல் மாதிரி நைசான செம்மணலில் கிளட்சை மிதித்த நொடியே வண்டி பிரேக் போட்டதுபோல் நின்றுவிடும். அதனால் மணலுக்குள் கியர் மாற்றுவதே தப்பு. டயர் காற்றை 18 பிஎஸ்ஐ-க்கு இறக்கி, கெட்டித் தரையிலேயே லோ இரண்டில் கிளம்பி, மணல் தொடங்குவதற்கு முன்பே மூன்றுக்குப் போய், 2500-க்கும் 3500-க்கும் நடுவே பிடித்துக்கொண்டு போனால் போதும். லோ முதல் கியரில் மணலுக்குள் கிளம்பினால் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு அதிகம். சுழன்று தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். ஆக்ஸில் வரை இறங்கிய பிறகு எந்தக் கியரும் உதவாது, மண்வெட்டிதான். (தேரிக்காட்டில் பெரும்பகுதி வனத்துறை இடம். கேட்டுக்கொண்டு போங்கள்.)

மழை பெய்த கரிசலும் லோ மூன்றுக்குத்தான் பணியும். கரிசல் மண் டயர் பட்டனுக்குள் அப்பிக்கொண்டு டயரை வழுவழு உருளையாக்கிவிடும். அதை உதறித் தள்ளச் சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டும். லோ ஒன்றில் அந்த வேகம் வராது.

இப்போது எரிச்சலுக்கு வருவோம். உருளும் கற்கள் கிடக்கும் செங்குத்தான ஏற்றம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தேவையான வேகம் மணிக்கு 8 முதல் 10 கிலோமீட்டர். லோ ஒன்றில் அதற்கு எஞ்சின் 2200 முதல் 2800 வரை சுற்ற வேண்டும். சுற்றும், ஆனால் ஆக்சிலரேட்டரில் கால் லேசாக அசைந்தாலும் வண்டி குதிக்கும், குதித்தால் டயர் கல்லை விட்டு வழுக்கும். சரி, லோ இரண்டுக்குப் போனால் அதே வேகத்துக்கு 1200 முதல் 1450. இந்த எஞ்சினின் முழு இழுவை 4000-ல்தான் வருகிறது. 1300-ல் அது வெறும் முக்கல். போதாக்குறைக்கு 2000 மீட்டர் உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சின் தன் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். கீழே மலையடிவாரத்தில் லோ இரண்டில் ஏறிய அதே சரிவு, மேலே ஏறாது.

இந்த இடத்தில்தான் கால் தானாக ஆஃப் கிளட்சுக்கு (கிளட்சைப் பாதி மிதித்த நிலை) போகிறது. பிளேட் எரிவதும் அங்கேதான். லோ இரண்டில் சுற்று 1500-க்குக் கீழே விழும் என்று தோன்றினால் ஏற்றத்துக்கு முன்பே லோ ஒன்றைப் போட்டு, கால் விரலை மட்டும் ஆக்சிலரேட்டரில் வைத்து, குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஊன்றிய கால் குலுங்காது, வண்டியும் குதிக்காது. கிளட்ச் பெடலின் மேல் இடது கால் இருக்கவே கூடாது. இதையே டர்போ டீசல் வண்டியில் செய்தால் லோ இரண்டில் 1500-லேயே இழுத்துக்கொண்டு போகும். அவர்களுக்கு இந்த இடைவெளி என்றால் என்னவென்றே தெரியாது. பொறாமைதான்.

இதற்கு மேல் ஒரு விஷயம்: பார்க்க நன்றாக இருக்கிறதென்று 235/75 ஆர்15 என்ற பெரிய டயர் மாட்டினால் எல்லாக் கியரிலும் அதே சுற்றுக்கான வேகம் சுமார் 6 சதவீதம் உயர்ந்துவிடும். லோ இரண்டு இன்னும் திணறும்.

பாதி ஏற்றத்தில் எஞ்சின் நின்றுபோனால் கிளட்சை மிதித்துக்கொண்டு பின்னால் உருள விடாதீர்கள், திருப்பவும் முயலாதீர்கள். சரிவுக்குக் குறுக்கே நின்ற வண்டி கவிழும். கால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, லோ ரிவர்ஸ் போட்டு, ஸ்டார்ட் செய்து, கிளட்சை முழுதாக விட்டபடியே பிரேக்கைத் தளர்த்துங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்க, எஞ்சின் பிடியிலேயே கீழே வந்துவிடலாம்.

இறக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லோ ஒன்று, இரண்டு காலும் பெடலை விட்டு வெளியே. ஐடிலிங்கில் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாக நடந்து இறங்கும். ஈரப் புல், வழுக்குக் களிமண் என்றால் மட்டும் லோ இரண்டு. ஒன்றின் பிடி அதிகமாகிச் சக்கரம் வழுக்கத் தொடங்கினால் பிரேக்கை அல்ல, ஆக்சிலரேட்டரைத் துளி தொட வேண்டும்.

ஓடைக்கு லோ இரண்டு, ஒரே சீரான வேகம், நடுவில் கியர் மாற்றம் கிடையாது. தண்ணீருக்குள் கிளட்சை மிதித்தால் பிளேட் பிரியும் இடத்தில் நீரும் மணலும் புக வாய்ப்புண்டு.

சின்ன லீவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நின்று, கிளட்ச் மிதித்து, நியூட்ரலில் வைத்துத்தான் லோவுக்குத் தள்ள வேண்டும். பல் உரசினால் முட்டித் தள்ளாமல், நியூட்ரலிலேயே ஒரு முறை கிளட்சை விட்டு மறுபடி மிதியுங்கள். தார், கான்கிரீட்டில் 4×4 போட்டு வளைந்தால் முன்னும் பின்னும் ஓடும் தூரம் வேறுபட்டு உள்ளே முறுக்கு ஏறும். லீவர் வெளியே வராது. நேராக நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் வந்தால் விட்டுவிடும். ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட வேண்டியதில்லை.

ஆக, மணல், சேறு, ஓடை, இறக்கம் நான்கிலும் இந்த மேனுவல் கியர்பாக்ஸ் தங்கம். இருந்தும், மேனுவல் எடுக்கலாமா ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா என்று கேட்டால் இன்றைக்குப் பதில் ஆட்டோமேட்டிக். டார்க் கன்வர்ட்டர் (ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே இழுவையைக் கடத்தும் பாகம்) அந்த 3.6-க்கும் 6.9-க்கும் நடுவே உள்ள பள்ளத்தைத் தானே நிரப்பிவிடும். எரிக்கக் கிளட்ச் பிளேட்டும் இல்லை. இறக்கத்தில் அதன் பிடி கொஞ்சம் தளர்வு, தெரியும். கிளட்ச் பில் கையில் இருக்கும்போது அது பெரிதாகத் தெரியவில்லை.