ஹம் போச்சு, கூடவே எர்த்தும் போச்சு

சென்னையில் கிட்டாருக்கு ரேக் (ஆம்ப், எஃபெக்ட்ஸ் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்கி ஒயர் போட்டது) கட்டக் கொடுக்கப் போகிறீர்களா? பேலன்ஸ் பணத்தை நீட்டுவதற்கு முன்னால் பின்பக்கத்தைத் திறந்து, பச்சை-மஞ்சள் எர்த் ஒயர் ஒவ்வொன்றும் எங்கே போய் முடிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டேன் என்றால் பணம் தராதீர்கள். எனக்குக் கட்டிக் கொடுத்தவர் அந்த ஒயரை வெட்டிவிட்டுத்தான் "பாருங்க தம்பி, ஒரு பொட்டு ஹம் இருக்கா?" என்று பெருமையாகக் கேட்டார். ஹம் என்றால் ஸ்பீக்கரில் ஓயாமல் கேட்கும் "ம்ம்ம்" இரைச்சல்.

ஆள் பெயரையும் இடத்தையும் எழுதப் போவதில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரியாததால் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது, இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

இந்தக் காலத்தில் போய் ரேக்கா என்று கேட்பீர்கள். உள்ளங்கை அகலப் பெடலுக்குள் ஒரு கடை ஆம்ப்களை அடக்கிவிட்டார்கள், கேள்வி நியாயம்தான். ஆனால் நான் வாசிப்பது கல்யாண ரிசப்ஷன் மெல்லிசையில். ஒரு பாட்டுக்கு எண்பதுகளின் கோரஸ் எஃபெக்ட் போட்ட சுத்தமான டோன் வேண்டும், அடுத்தது டிஸ்டார்ஷன் கிழிக்கிற குத்து, நடுவில் மூச்சு விட நேரம் கிடையாது. காலால் ஒரு சுவிட்சை மிதித்தால் ப்ரீஆம்பின் (கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கி டோன் கொடுக்கும் பெட்டி) சேனல், டிலே, ரிவெர்ப் எல்லாம் ஒன்றாக மாறியாக வேண்டும். இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் மிடியில் புரோகிராம் சேஞ்ச் என்று 128 எண்கள் இருப்பது அதற்குத்தான். 1980களில் லாஸ் ஏஞ்சலிஸில் பாப் பிராட்ஷா போன்றவர்கள் பெரிய கிட்டாரிஸ்ட்களுக்கு ஆளுயர ரேக் கட்டியதும் இந்த வசதிக்காகத்தான். அந்த மோகம் அடங்கிவிட்டதால் அன்றைய பெட்டிகளில் பல இப்போது செகண்ட் ஹேண்டில் கட்டுப்படியாகிற விலைக்கு அகப்படுகின்றன. டியூப் பவர் ஆம்ப் ஒரு ஸ்பீக்கர் கேபினெட்டைத் தள்ளுகிற தள்ளல் எனக்குப் பிடிக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருந்தவை: அத்தை மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டியூப் ப்ரீஆம்ப், இங்கேயே வாங்கிய ஸ்டீரியோ டியூப் பவர் ஆம்ப், ஒரு மல்டி எஃபெக்ட்ஸ், ஒரு வயர்லெஸ் ரிசீவர். எல்லாமே ரேக் அளவுதான், அதாவது முகப்பு 19 அங்குல அகலம். உயரத்தை யூ கணக்கில் சொல்வார்கள், ஒரு யூ என்பது 1.75 அங்குலம். பவர் ஆம்புக்கு மேலே சூடு போக இடம் விட்டு 8 யூ பெட்டி என்று முடிவானது. ப்ளைவுட் பெட்டி, இரும்பு ரெயில், கனமான பவர் ஆம்புக்குப் பின்பக்கமும் தாங்கி, அமெரிக்க ப்ரீஆம்புக்கு 230 வோல்ட்டை 120 ஆக்கித் தரும் டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர், தடிமனான ஸ்பீக்கர் கேபிள், பின்னால் ஜாக் பேனல். பொருளும் கூலியும் சேர்த்து ரூ.46,000. பாதி அட்வான்ஸ்.

பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் தம்பி, எதுக்கு வீண் செலவு" என்றார். சரி என்று, என்னென்ன பொருள், என்னென்ன வேலை, எவ்வளவு பணம் என்று வாட்ஸ்அப்பில் வரி வரியாக எழுதி அனுப்பி "ஓகே தம்பி" என்று பதில் வாங்கி வைத்தேன். பிற்பாடு கைகொடுத்தது அதுதான்.

தேதி தள்ளிப்போன கதையை விட்டுவிடுகிறேன். கார்பென்டர் ஊருக்குப் போய்விட்டார், ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சரக்கு இல்லை, மழை. ஆடியில் கிடைக்கும் என்றது ஐப்பசி முகூர்த்தத்துக்கு வந்து சேர்ந்தது.

வந்தபோது பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஒயர்களையெல்லாம் கேபிள் டையில் கட்டி, ஜாக்குகளுக்கு லேபிள் ஒட்டி, மூலைகளில் பித்தளை நிறத் தகடு அடித்திருந்தார். கிட்டாரைச் செருகி, கெயினை முக்கால்வாசி ஏற்றி, கம்பியைத் தொடாமல் நிற்கச் சொன்னார். நிசப்தம். டியூப் ப்ரீஆம்பில் அந்தக் கெயினில் அப்படி ஒரு அமைதி வரவே வராது. ஹம்மைச் சுலபமாக இழுக்கிற சிங்கிள் காயில் பிக்கப் வேறு. எப்படிண்ணே என்று கேட்டதற்கு, "அதுதான் நம்ம வேலை" என்றார்.

முதல் கச்சேரி வேளச்சேரிப் பக்கம் ஒரு மண்டபம். சவுண்ட் செக்கில் கோரஸ் பாட மைக்கை நெருங்கினேன், உதட்டில் சுளீரென்று அடித்தது. எங்களுக்கு சவுண்ட் போடுகிற அண்ணன் கன்சோலில் இருந்து கத்தினார்: "மைக்கைத் தொடாதடா, முதல்ல கிட்டாரைக் கழட்டி வை!" மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் இன்னொன்றை மைக்கின் கம்பி வலையிலும் வைத்தார். நூறு வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. ரேக்கை விட்டுவிட்டு கீபோர்டுக்காரரின் சின்ன ஆம்பில் அதே கிட்டாரைச் செருகிப் பார்த்தோம், ஏறக்குறைய சைபர். அன்றைய கச்சேரி அந்தச் சின்ன ஆம்பிலேயே ஓடியது.

நூறு வோல்ட் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ரேக்கில் இருக்கிற நவீனப் பெட்டிகளின் பவர் சப்ளையில் நாய்ஸை வடிக்கச் சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை வழியாக ஒரு துளி கரன்ட் எப்போதும் இரும்புக் கூட்டுக்குக் கசியும். எர்த் ஒயர் இருந்தால் அது சத்தமில்லாமல் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கூடு அந்தரத்தில் மிதக்கும், 230இல் பாதி வரைகூட மீட்டரில் காட்டும். கிட்டார் கேபிளின் ஷீல்டு (உள்ளே சுற்றியிருக்கும் கம்பி வலை) வழியாக அதே மின்சாரம் கம்பிக்கு வந்து நிற்கும். மைக்கோ மிக்ஸரின் எர்த்தில் இருக்கிறது. நடுவே என் உதடு.

இது வெறும் சுளீர் ரகம், பொதுவாக ஆளைக் கொல்லாது. ஆனால் ஓடி ஓடிச் சூடாகிற டியூப் ஆம்பில் ஒருநாள் உள்ளே இன்சுலேஷன் விட்டால், எர்த் இல்லாத கூட்டில் முழு 230 வோல்ட்டும் வந்து உட்காரும். ஃப்யூஸ் போகாது. போர்டில் கசிவைக் கண்டதும் கரன்ட்டை நிறுத்தும் ஆர்சிசிபி சுவிட்ச் இருந்தாலும், யாராவது தொட்டு அவர் உடம்பு வழியாகக் கசிந்தால்தான் அது விழும். நம் மண்டபங்களில் பாதி நேரம் ஜெனரேட்டர் கரன்ட் வேறு. 1972இல் பிரிட்டனில் ஸ்வான்ஸீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டாரிஸ்ட் மேடையிலேயே மைக்கைத் தொட்டு, மின்சாரம் தாக்கி இறந்துபோனார்.

ரேக்கை நேரே ரிச்சி தெருவுக்குத் தூக்கிப் போனேன். அங்கே பல வருஷமாக ஆம்ப் ரிப்பேர் பார்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தார். பவர் ஸ்ட்ரிப்புக்குள் நுழைகிற மெயின் கேபிளின் பச்சை-மஞ்சள் ஒயர் நறுக்கப்பட்டு, பின்னால் மடித்து, கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் சுற்றி, கேபிள் டையால் இறுக்கப்பட்டிருந்தது. அவசரத்தில் விட்டுப்போன ஒயர் இப்படி இருக்காது. "பொறுமையா உக்காந்து பண்ணியிருக்கான்ப்பா" என்றார்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டையோடு உருண்டையாக இருக்கும். காந்தப்புலம் வெளியே அதிகம் சிந்தாது என்பதால்தான் அதைக் கேட்டிருந்தேன், காசும் அதற்குத்தான் கொடுத்திருந்தேன். உள்ளே இருந்தது தகடு தகடாக அடுக்கிய சதுர ரகம், அதையும் டியூப் ப்ரீஆம்புக்கு நேர் கீழே திருகி வைத்திருந்தார். ஸ்டிக்கரில் 500 விஏ. பெரியவர் ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "இந்த எடைக்கு அவ்வளவெல்லாம் தாங்காது" என்றார். மீட்டர் வைத்தால் உள்ளே வருகிற நியூட்ரலும் வெளியே போகிற நியூட்ரலும் ஒரே கம்பி. ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், அதாவது மெயின்ஸுக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவே தடுப்பே கிடையாது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான சுருள் எப்போதாவது அறுந்துபோனால் 120 வோல்ட் பெட்டிக்கு 230 போய்விடும்.

அப்படியானால் ஹம் நிறைய வந்திருக்க வேண்டுமே, அந்த நிசப்தம் எப்படி? அதற்கும் விடை கிடைத்தது. மல்டி எஃபெக்ட்ஸில் எல்லாப் ப்ரீசெட்டிலும் நாய்ஸ் கேட்டை உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தார். வாசிக்காமல் நின்றால் கேட் மூடிக்கொள்ளும், உள்ளே இரைச்சல் எவ்வளவு இருந்தாலும் கேட்காது. கம்பியைத் தொடாமல் நிற்கச் சொன்னதன் ரகசியம் இது. எர்த் லூப் ஹம்முக்கு, அதாவது எர்த்துக்கு ஒன்றுக்கு மேல் வழி இருப்பதால் வரும் இரைச்சலுக்கு, எர்த்தை வெட்டினார், டிரான்ஸ்ஃபார்மர் ஹம்முக்குக் கேட்டை மூடினார்.

ஸ்பீக்கர் கேபிள் என்று தந்தது, வெளியே தடிமனான உறை போட்ட கிட்டார் கேபிள். உள்ளே தலைமுடிக் கனத்தில் ஒரு கோர், சுற்றிலும் ஷீல்டு. பவர் ஆம்ப் தள்ளுகிற கரன்ட்டுக்கு அது சூடேறும், ஷார்ட் ஆகும், அறுந்தும் போகும். ஸ்பீக்கர் லோடு இல்லாமல் டியூப் ஆம்ப் முழு வேகத்தில் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அந்த ஆம்பில் அதைவிட விலை உயர்ந்த பாகம் வேறில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு வயிறு எரிந்தது வால்வு, அதாவது டியூப், விஷயத்தில். பவர் ஆம்பில் நான்கு இஎல்34 வால்வு, ஒரே மாதிரி அளவு காட்டுகிறதாகப் பார்த்து மேட்ச் பண்ணிய செட், புதிதாக வாங்கிப் போட்டிருந்தேன். வாரன்டிக்காகப் படம் எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் பெயின்ட்டில் 1 முதல் 4 வரை எழுதியும் வைத்திருந்தேன். பெரியவர் ஆம்பை ஆன் பண்ணிக் கடை விளக்கை அணைத்தார். மூன்று வால்வு சாதாரணமாக எரிந்தன. நான்காவதன் உள்தகடு நடுவில் மங்கலாகச் சிவந்து, சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. உடனே அணைத்தார். கழற்றிப் பார்த்தால் இரண்டு ஒரு கம்பெனி, இரண்டு வேறு கம்பெனி, ஒன்றிலும் என் பெயின்ட் எழுத்து இல்லை. வால்வை மாற்றியவர், அதில் ஓடுகிற கரன்ட்டை அளவாக்கும் பயஸ்கூட வைக்கவில்லை.

போன் பண்ணினேன். எர்த் பற்றிக் கேட்டதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "எர்த்தை சேத்தா ஹம் வருது தம்பி. ஷாக் அடிச்சா ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு வாசிங்க, எல்லாரும் அப்படித்தான் வாசிக்கிறாங்க." வால்வு பற்றிக் கேட்டதும் முதலில் "நான் தொடவே இல்ல" என்றார். படத்தை அனுப்பிய பிறகு "பழசாயிருந்துச்சு, உங்க நல்லதுக்குத்தான் மாத்தினேன்" என்றார். பழையதைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அதன்பின் போனை எடுக்கவில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். தமிழில் பேசலாம். பில் இல்லாததால் ஒன்றும் நடக்காது என்று பலர் சொன்னார்கள், ஆனால் வாட்ஸ்அப் செய்தியும் யூபிஐ ரசீதும் கையில் இருந்தன. கச்சேரி வாசித்துச் சம்பாதிப்பதால் நுகர்வோர் என்ற கணக்கில் வரமாட்டோமோ என்று நம்மில் சிலர் தயங்குவதுண்டு. 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கிப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் நோட்டீஸ் போன பிறகு அவர் பணத்தில் ஒரு பகுதியை அனுப்பிவிட்டு, "இதோட முடிச்சுக்கலாம் தம்பி" என்றார். முடிக்கவில்லை.

ரேக்கைப் பெரியவரே சரி பண்ணிக் கொடுத்தார். எல்லாப் பெட்டியின் எர்த்தும் ஒரே ஸ்ட்ரிப்பில் ஒரே இடத்தில் சேர்கிறது. ஜாக்குகள் ரேக்கின் இரும்பைத் தொடாதபடி ஜாக் பேனலில் ப்ளாஸ்டிக் வாஷர் போட்டார். ப்ரீஆம்புக்கும் எஃபெக்ட்ஸுக்கும் நடுவே சிக்னல் லைனில், சிக்னலை மட்டும் கடத்திவிட்டு இரு பக்க எர்த்தையும் பிரித்து வைக்கிற ஒரு சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். ஹம்மை எடுக்க வேண்டிய இடம் அந்த சிக்னல் லைன்தான், மெயின்ஸ் எர்த்தில் யாரும் கை வைக்கக் கூடாது. உண்மையான டொராய்டலை ப்ரீஆம்பிலிருந்து தள்ளி மறுமூலையில் திருகினார். இப்போது கெயினை ஏற்றினால் ஒரு மெல்லிய உஸ் கேட்கிறது. டியூப் ப்ரீஆம்ப் என்றால் அது கேட்கத்தான் செய்யும்.

நீங்களே சோதிக்க ரிப்பேர் கடைகூட வேண்டாம். பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையை பிளக்கின் பெரிய பின்னிலும் மற்றதை எர்த் பின் உள்ள ஒவ்வொரு பெட்டியின் பெயின்ட் இல்லாத திருகிலும் வையுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். எண்ணே வராமல் நின்றால் அந்த ரேக்கைச் செருகாதீர்கள். டெமோ கேட்கும்போது நாய்ஸ் கேட்டை முழுசாக அணைக்கச் சொல்லுங்கள், வால்வுகளை ரேக் கட்டுகிறவரிடம் விட்டுவிட்டு வராமல் வீட்டிலேயே வையுங்கள். பெட்டி அளவு பார்க்க அவருக்கு வால்வு தேவையில்லை.

என் நான்கு வால்வும் இன்னும் வரவில்லை. "கொஞ்சம்தான் ஓடியது" என்று யாராவது உங்களிடம் இஎல்34 செட் விற்க வந்தால் அடியைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பெயின்ட்டில் எண் இருந்தாலோ, சுரண்டிய தடம் இருந்தாலோ, வாங்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.