ஓரியன்டேஷனா, இன்டக்‌ஷனா?

எங்கள் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களின் முதல் நாள் நிகழ்ச்சிக்கு ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டியிருந்தது. நான் ஆங்கிலத் துறை என்பதால் வாசகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முதல்வர் வாயில் வந்த சொல் 'இன்டக்‌ஷன்'. அவரைக் குறை சொல்ல முடியாது. தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. பொறியியல் கல்லூரிகளுக்கு வகுத்த மூன்று வார நிகழ்ச்சிக்கும் 'ஸ்டூடன்ட் இன்டக்‌ஷன் புரோகிராம்' என்றுதான் பெயர். நான் 'ஓரியன்டேஷன்' என்று எழுதிக் கொடுத்தேன், அதுவே அச்சாயிற்று. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஸ்டாஃப் ரூமில் டீ ஆறுவதற்குள் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாகச் சொல்கிறேன்.

போட்டிக்கு வேறு இரண்டு சொற்களும் வந்தன. 'இனாகுரேஷன்' ரோமாபுரிச் சரக்கு. ஆகுர் என்ற பூசாரி பறவைகள் பறக்கும் விதத்தைப் பார்த்து, காரியத்தைத் தொடங்கலாமா என்று குறி சொல்வார். நம்மூர்ப் புள் நிமித்தம் மாதிரிதான். கட்டடத்துக்கும் குடியரசுத் தலைவருக்கும் பொருந்தும், பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கொஞ்சம் பெரிய சட்டை. 'டெபு' பிரெஞ்சுக்காரர் விளையாட்டில் இலக்கை நோக்கி அடிக்கும் முதல் அடியிலிருந்து வந்தது. அதற்கு நம்மிடம் அரங்கேற்றம் இருக்கிறது. ஏழாண்டு பயின்ற பிறகு மாதவி ஏறிய மேடை அது. இன்னும் ஒரு வகுப்பில்கூட உட்காராதவனை எங்கே ஏற்றுவது? ஆக, மிஞ்சியவை இரண்டு.

இன்டக்‌ஷனுக்கு வேர் லத்தீன் 'டூகெரே', அதாவது இட்டுச் செல்லுதல். 'இன்' சேர்ந்தால் உள்ளே இட்டுச் செல்லுதல். இங்கிலாந்துத் திருச்சபையில் புதிதாக வரும் பங்குக் குருவின் கையைப் பிடித்துக் கோயில் கதவின் சாவியிலோ கைப்பிடியிலோ வைப்பார்கள், அவர் உள்ளே போய் மணி அடிப்பார். அந்தச் சடங்குக்கு இன்றும் இன்டக்‌ஷன் என்றுதான் பெயர். கவுரவமான பிறப்பு, மறுக்கவில்லை.

அப்புறம் அந்தச் சொல் போன இடங்களைப் பாருங்கள். அமெரிக்க ராணுவத்தில் 1973 வரை கட்டாயமாக ஆள் சேர்த்ததும் இன்டக்‌ஷன்தான். பெயரை அழைத்ததும் ஓர் அடி முன்னால் வைத்தால் சேர்ந்ததாகக் கணக்கு. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் முகமது அலி அந்த ஓர் அடியை வைக்க மறுத்ததால்தான் பட்டத்தையும் குத்துச்சண்டை உரிமத்தையும் இழந்தார். பிரசவ வலி தானாக வராதபோது மருத்துவர் வரவழைப்பதும் இன்டக்‌ஷன். ஒரு சுருளில் மின்னோட்டம் மாறினால் பக்கத்துச் சுருளில் மின்னோட்டம் பிறப்பதும் அதுவே. ஃபாரடே 1831இல் காட்டியது. இதைச் சொன்னபோது இயற்பியல் துறை நண்பர், "அது எங்க பாடம் சார், நீங்க கைவைக்காதீங்க" என்றார். சமையலறை அடுப்பை நான் சொல்லவே இல்லை, அவரே சொல்லிவிட்டார்.

ஓரியன்டேஷன் வேறு வழியில் வந்த சொல். 'ஓரியென்ஸ்' என்றால் எழுகிற ஞாயிறு, அதனால் கிழக்கு. ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் பீடம் கிழக்கே இருக்கும்படி கட்டுவார்கள். ஹெரிஃபோர்டு தேவாலயத்தில் உள்ள, 1300ஆம் ஆண்டை ஒட்டிய உலக வரைபடத்தில் உச்சியில் இருப்பது வடக்கு அல்ல, கிழக்குதான். கிழக்கு எதுவென்று தெரிந்தால் மற்ற மூன்றும் தெரிந்துவிடும். இப்படிக் கிழக்கு பார்த்து வைப்பது என்று தொடங்கி, திசை அறிவது, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது என்று பொருள் விரிந்தது. புதிதாக வந்தவர்களுக்கு இடத்தைப் பழக்கும் நிகழ்ச்சி என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது. தலையில் அடிபட்டு வந்தவரிடம் மருத்துவர் கேட்கிற மூன்று கேள்விகளை நினைத்துப் பாருங்கள்: உங்கள் பெயர் என்ன, இது எந்த இடம், இன்று என்ன கிழமை. அந்தச் சோதனைக்கும் ஓரியன்டேஷன் என்றே பெயர். ஹாஸ்டலில் முதல் ராத்திரி தூங்கி எழுந்த பிள்ளைக்கும் அதே மூன்று கேள்விகள்தானே?

(நமக்குக் கிழக்கு 'கீழ்' என்பதிலிருந்து வந்தது. நிலம் கடலை நோக்கிச் சரிவதால் கிழக்கு தாழ்வு, மேற்கு மேல். அவர்களுக்கு எழுகிற பக்கம், நமக்கு இறங்குகிற பக்கம்.)

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரு சின்ன இலக்கண விஷயம். புகுந்தான் என்பது தன்வினை, புகுத்தினான் என்பது பிறவினை. இன்டக்‌ஷனை நான் தொட்ட இடமெல்லாம் புகுத்துவதுதான். கையைப் பிடித்துச் சாவியில் வைப்பவர், பட்டியலில் பெயர் அழைப்பவர், ஊசி போடுபவர் என்று செய்பவர் எப்போதும் இன்னொருவர். முகமது அலியின் கதையிலும் அந்த ஓர் அடி மட்டும்தான் அவருடையது. ஓரியன்டேஷனில் வழி கேட்கலாம், வரைபடம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் திசை புரிய வேண்டியது அவரவர் தலைக்குள். போன முறை நாங்கள் நடத்தியது சுத்தமான புகுத்தல். காலையிலிருந்து மாலை வரை அரங்கில் உட்காரவைத்து ஏழு பேர் பேசினோம், நானும் ஒருவன். மறுநாள் பாதிப் பேருக்கு நூலகம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நிகழ்ச்சியின் பெயரை மாற்றினால் நிகழ்ச்சியும் கொஞ்சம் மாறும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. 'மாணவர்களை ஓரியன்ட் செய்தோம்' என்று ஆங்கிலத்தில் தாராளமாகச் சொல்லலாம், அங்கே அதுவும் பிறவினைதான். நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் புதியவர்களை வேலைக்குப் பழக்க இன்டக்‌ஷன்தான் சரி என்று என் தங்கை சாதிக்கிறாள். இயந்திரத்தில் கை போகாமல் இருக்க, கையைப் பிடித்துத்தான் காட்ட வேண்டும் என்கிறாள். நான் வாழ்நாள் முழுக்கக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருந்தவன். அவள் பக்கம் நியாயம் இருக்கலாம்.

ஃபிளெக்ஸில் தமிழ் வரி ஒன்றும் தேவைப்பட்டது. நான் 'ஆற்றுப்படை' என்று எழுதினேன். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனிடம் எந்த வழியாகப் போ, எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும், வள்ளல் எப்படிப்பட்டவன் என்றெல்லாம் சொல்லி அனுப்புவதை விடப் பொருத்தமான ஓரியன்டேஷன் எங்கே இருக்கிறது? ஆறு என்றால் அங்கே வழி. முதல்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போறோம்னு பெத்தவங்க நினைச்சுக்குவாங்க சார்" என்றார். 'அறிமுக விழா' என்று மாற்றிக் கொடுத்தேன். பாணன் வேலையை மட்டும் இரண்டாமாண்டு மாணவர்களிடம் ஒப்படைத்தோம். ஆளுக்குப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றினார்கள், பெரும்பாலும் கேன்டீனில் தொடங்கி.