க்னூகேஷில் குடும்ப முதலீடுகள்: ஆள்வாரியாக அடுக்கிப் பார்த்த அனுபவம்

நடுத்தரக் குடும்பத்தின் முதலீடு ஒரே இடத்தில் இருப்பதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா பேரில் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், மனைவி பேரில் பிபிஎஃப், என் பேரில் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி (மாதாமாதம் போடும் முதலீடு), மகளுக்குச் செல்வமகள் சேமிப்பு, நடுவே இரண்டு மூன்று வங்கிகளில் எஃப்டி, கொஞ்சம் தங்கப் பத்திரம். எல்லாவற்றையும் சில வருடங்களாக க்னூகேஷில்தான் எழுதி வருகிறேன். கணக்கு எழுதும் இலவச மென்பொருள், ஒவ்வொரு வரவுசெலவையும் இரு கணக்குகளில் எழுதும் இரட்டைப் பதிவு முறை, கணக்கு நம் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஃபைலாக இருக்கும். முதலீட்டுக் கணக்குகள் பெருகப் பெருக அவற்றை எப்படி அடுக்குவது, வேண்டியதை மட்டும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

க்னூகேஷில் கணக்குகள் ஒரு மரம் போலக் கிளை விடும். ஒரு கணக்கு ஒரு கிளையில்தான் இருக்க முடியும். ஆனால் ஒவ்வொரு முதலீட்டைப் பற்றியும் நாம் கேட்கும் கேள்வி மூன்று: யார் பேரில், என்ன வகை, எதற்காக. இதில் எதை முதல் கிளையாக வைப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வங்கிவாரியாக வைப்பவர்கள் உண்டு, எஃப்டி, ஃபண்ட், தங்கம் என்று வகைவாரியாக வைப்பவர்களும் உண்டு. நான் உறுதியாகச் சொல்வது, முதல் கிளை ஆள்தான். பான் எண் ஆளுக்கு ஒன்று. வரிக் கணக்கு ஆளுக்கு ஒன்று. பங்கு சார்ந்த ஃபண்டுகளின் நீண்ட கால லாபத்தில் வருடத்துக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை என்ற சலுகையும் ஆளுக்குத்தான்.

ஆகவே 'முதலீடு' என்ற தலைப்பின் கீழ் அம்மா, மனைவி, நான், மகள். இந்தப் பெயர்களை எல்லாம் 'பிளேஸ்ஹோல்டர்' என்று டிக் செய்துவிட்டால் அவற்றில் நேரடியாகப் பதிவு எதுவும் விழாது. ஏற்கெனவே வேறு மாதிரி அடுக்கி வைத்திருந்தாலும் கவலை வேண்டாம். எடிட் அக்கவுன்ட் போய்ப் பேரன்ட் (மேல்) கணக்கை மாற்றினால் பழைய பதிவுகள் அத்தனையும் கூடவே வந்துவிடும்.

வருமானப் பக்கத்திலும் இதே பிரிவு வேண்டும்: வட்டி, அதன் கீழ் அம்மா, மனைவி, நான். இதன் அருமை வரிக் கணக்கு தாக்கல் செய்யும் ஜூலையில் தெரியும். உதாரணத்துக்கு மனைவி பேரில் ஒரு க்யூமுலேட்டிவ் எஃப்டி. பணம் கைக்கு வருவது முதிர்வில்தான், ஆனால் வங்கி வருடாவருடம் வட்டியைக் கணக்குக் காட்டி டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிக்கும். மார்ச் 31 தேதியிட்டு ஒரே பதிவில் மூன்று உருப்படி: வட்டி வருமானம் 60,000, டிடிஎஸ் 6,000, எஃப்டியில் ஏறியது 54,000. அப்புறம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்று தேதி கொடுத்து, அவர் பேரில் உள்ள வருமானக் கணக்குகளை மட்டும் தேர்ந்தெடுத்து ரிப்போர்ட் எடுத்தால், வருமான வரித் தளத்தின் ஏஐஎஸ்ஸோடு (நம் வருமானம் பற்றி வரித் துறையிடம் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கை) ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிடலாம்.

வடிகட்டலுக்கு வருவோம். வியூ மெனுவில் 'ஃபில்டர் பை' இருக்கிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கணக்கின் வகை, மறைக்கப்பட்டதா, இருப்பு பூஜ்யமா என்பது போன்றவைதான். எனவே கணக்கு தொடங்கும்போதே ஃபில்டரை மனதில் வைத்து வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் தலைப்புகளுக்கு மட்டும் 'அசெட்', எஃப்டி, பிபிஎஃப், தபால் ஆபீஸ் எல்லாவற்றுக்கும் 'பேங்க்', ஃபண்டுகளுக்கு 'மியூச்சுவல் ஃபண்ட்' என்று வைத்திருக்கிறேன். 'நியூ அக்கவுன்ட்ஸ் பேஜ்' கொடுத்து இன்னொரு டேப் திறக்கலாம், ஒவ்வொரு டேபுக்கும் தனி ஃபில்டர். ஒன்றில் அசெட்டும் ஃபண்டும் மட்டும், இன்னொன்றில் அசெட்டும் பேங்கும் மட்டும். ஆள்வாரி அடுக்கு கலையாமலே வகைவாரிப் பார்வை கிடைத்துவிடுகிறது. இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே இந்த மென்பொருளை விட மனம் வருவதில்லை.

முதிர்ந்து முடிந்த எஃப்டியை அழிக்கவே அழிக்காதீர்கள். 'ஹிடன்' என்று டிக் செய்தால் போதும். பட்டியலில் இருந்து போய்விடும், வரலாறு அப்படியே இருக்கும்.

எஸ்ஐபி பதிவில் ஒரு நுணுக்கம். 2020 ஜூலை முதல் ஃபண்ட் வாங்கும்போது 0.005 சதவீதம் முத்திரைத் தீர்வை பிடிக்கிறார்கள். 5,000 ரூபாய் எஸ்ஐபியில் 25 பைசா அதற்குப் போய், 4,999.75க்குத்தான் யூனிட் வரும். என்ஏவி (ஒரு யூனிட்டின் விலை) 83.4120 என்றால் 59.940 யூனிட். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 4,999.75 வராது, சில பைசா உதைக்கும். யூனிட்டையும் தொகையையும் ஸ்டேட்மென்ட்டில் உள்ளபடி போட்டு, விலைக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். விலையை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும், யூனிட் இருப்பு ஸ்டேட்மென்ட்டோடு கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகும். செக்யூரிட்டி எடிட்டரில் பின்னத்தை 1/1000 என்று வைத்துவிடுவது நல்லது. தினசரி என்ஏவியை, விலைகளை இணையத்திலிருந்து எடுத்துத் தரும் ஃபைனான்ஸ் கோட் என்ற துணை மென்பொருள் வழியாக, ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியிலிருந்து இறக்கிக்கொள்ளலாம், ஃபண்டின் ஆறு இலக்க ஸ்கீம் எண்ணைக் கொடுத்தால் போதும். ஒரே ஃபண்டின் டைரக்ட் (நேரடியாக வாங்குவது), ரெகுலர் (முகவர் வழியாக வாங்குவது) இரண்டுக்கும் எண் வேறு, பார்த்துப் போடுங்கள்.

லாப நஷ்டத்துக்கு 'அட்வான்ஸ்டு போர்ட்ஃபோலியோ' ரிப்போர்ட். அடக்கவிலையை ஃபிஃபோ (முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கொள்ளும்) முறைக்கு மாற்றுங்கள், நம் வரிச் சட்டம் கேட்பதும் அதுதான். ஆளுக்கு ஒன்றாகக் கணக்குகளைத் தேர்ந்தெடுத்துச் சேமித்து வைத்திருக்கிறேன். புதிய ஃபண்ட் தொடங்கினால் அதை ரிப்போர்ட்டில் நாமேதான் சேர்க்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல், கீழ் என்று லாபத்தைப் பிரித்துத் தராது, எக்ஸ்ஐஆர்ஆரும் (வெவ்வேறு தேதிகளில் போட்ட பணத்துக்கான வருடாந்திர வருவாய் விகிதம்) கிடையாது. அதற்கு மட்டும் லிபர்ஆபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள்.

மூன்றாவது கேள்வி, எதற்காக? கணக்குக்கு டேக் போடும் வசதி இதில் இல்லை, இருந்தே ஆக வேண்டிய ஒன்று. இப்போதைக்கு நோக்கத்தைப் பெயரிலேயே சேர்க்கிறேன்: 'ஃபண்ட் - படிப்பு', 'எஃப்டி - அவசரம்'. 'ஃபைண்ட் அக்கவுன்ட்'டில் 'படிப்பு' என்று தட்டினால் யார் பேரில் இருந்தாலும் எல்லாம் வரிசையாக வரும். கூட்டுத்தொகை வராது, அதற்கும் ஒரு ரிப்போர்ட் சேமித்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு கணக்கின் நோட்ஸ் பகுதியிலும் ஃபோலியோ எண், வங்கிக் கிளை, நாமினி பெயர் இருக்கிறது. முதிர்வுத் தேதியை டிஸ்கிரிப்ஷனில் போட்டு, அந்தப் பத்தியைப் பட்டியலில் தெரியும்படி வைத்திருக்கிறேன். மனைவி ஃபைலைத் திறந்து தன் பெயரை விரித்தாலே எந்த எஃப்டி எப்போது முடிகிறது என்று தெரிந்துவிடும். எஃப்டியைப் புதுப்பித்த அன்றே தேதியை மாற்றுவது இப்போது அவர் பொறுப்பு.