மாடியில் வெள்ளரி: காய்க்கிறது, ஆனால் கசக்கிறதே!

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில் வெள்ளரி விலை இறங்கியிருக்கிற நேரம் பார்த்து நண்பர் ஒருவர் கேட்கிறார்: "மாடியில வெள்ளரி போடலாமா? நீங்கதான் வருஷக்கணக்கா போடுறீங்களே." செடி வளர்க்கும் பை (க்ரோ பேக்), தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், கொடி ஏற்றக் கயிறு எல்லாம் அவருக்கே தெரியும். அதனால் அதை விட்டுவிட்டு, எனக்கு வயிற்றெரிச்சல் தரும் ஒரே விஷயத்துக்கு வருகிறேன். கசப்பு.

எல்லாக் காயும் கசந்தால் கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அப்படி இல்லையே! திங்கட்கிழமை பறித்த காய் இளநீர் மாதிரி இருக்கும். அதே கொடியில் வியாழக்கிழமை பறித்தது பார்க்க அதைவிட லட்சணமாக இருக்கும். ஒரு சட்டி தயிர்ப் பச்சடியையும் பாழாக்கிவிடும். விருந்துக்கு வந்த அக்கா மகன், "மாமா, இது வெள்ளரியா பாகலா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். அதிலிருந்து ஒவ்வொரு காயிலும் காம்புப் பக்கம் ஒரு வில்லை வெட்டி, நாக்கு நுனியில் வைத்துப் பார்க்காமல் சமையலறைக்குள் விடுவதில்லை.

எதிர்வீட்டு அத்தை பழியைப் பக்கத்துத் தொட்டியில் இருக்கும் பாகற்கொடி மேல் போடுகிறார். பாவம் அது. பாகலும் வெள்ளரியும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அப்படியே வேறொரு வெள்ளரியின் மகரந்தம் வந்து விழுந்தாலும், நாம் தின்னும் சதை தாய்க்கொடியுடையது. கலப்பு விதையில்தான் தெரியும். விதை விற்ற கடைக்காரரோ, "உங்க தண்ணியில உப்பு இருக்கும் சார்" என்று முடித்துக்கொண்டார். பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் 'கசப்பில்லாதது' என்று போட்டிருக்கிறதே என்றால் சிரிக்கிறார்.

உண்மையான காரணம் செடிக்குள்ளேயே இருக்கிறது. பூச்சிகள் தின்னாமலிருக்க வெள்ளரி தன் இலையிலும் தண்டிலும் குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருளை வைத்துக்கொள்கிறது. (அந்தக் கசப்பையே விரும்பித் தின்னும் பூசணி வண்டும் உண்டு, அது தனிக் கதை.) வெயில் உச்சத்துக்குப் போய், வேர் ஒருநாள் காய்ந்து மறுநாள் நனைந்து என்று அல்லாடினால் அந்தக் கசப்புப் பொருள் காய்க்குள்ளும் ஏறும். காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும்தான் அதிகம். நுனியை வெட்டி உப்புப் போட்டுத் தேய்த்தால் நுரை வருகிறது, கசப்பு போவதாக எனக்குத் தெரியவில்லை. காம்புப் பக்கம் தாராளமாக வெட்டி, தோலைச் சீவினால் லேசான கசப்பு அடங்கும். கடும் கசப்பென்றால் யோசிக்காமல் எறியுங்கள். கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு எச்சரித்ததும் இதே பொருளுக்காகத்தான்.

சித்திரை வெயிலில் சின்னப் பை மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. காலையில் ஊற்றிய தண்ணீர் போன இடம் தெரியாது. பெரிய பை, மேலே காய்ந்த சருகு மூடாக்கு, பச்சை நிழல்வலை, காலையும் மாலையும் தண்ணீர் என்று மாற்றியபின் கசப்பது நன்றாகக் குறைந்திருக்கிறது. குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஊருக்குப் போய் இரண்டு நாள் தண்ணீர் தவறினால் மறுபடி ஆரம்பம். பசுமைக்குடிலில் போடும் விதையில்லா ரகங்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை, தேனீயும் வேண்டாம். ஆனால் அந்த விதை விலையைக் கேட்டால் காயே வாங்கித் தின்னலாம் என்று தோன்றும்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். வெள்ளரி அளவுக்குச் சீக்கிரம் பலன் காட்டும் கொடி என் மாடியில் வேறில்லை. விதை ஊன்றி ஒன்றரை மாதத்தில் பிஞ்சு கைக்கு வந்துவிடும். முதலில் வரும் ஆண் பூக்கள் உதிர்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். அடியில் குட்டிக் காயோடு வரும் பெண் பூ பின்னாலேயே வரும். தேனீ வராவிட்டால் காலையிலேயே ஆண் பூவைக் கிள்ளி, பெண் பூவின் நடுவே தொட்டுவிட்டால் போதும். விடிகாலையில் பறித்து, பனி ஈரம் போகுமுன் கடித்தால் படக்கென்று ஒடியும் அந்தப் பிஞ்சு எந்தச் சந்தையிலும் கிடைக்காது.

சரி, கேட்ட நண்பருக்கு என் பதில்: வேண்டாம். பீர்க்கன் போடுங்கள், சொன்னபடி கேட்கும். வெள்ளரியைச் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். என் விதைப் பாக்கெட்டில் மிச்சம் இருக்கிறதா என்று அடுத்து கேட்பீர்கள். இல்லை, நேற்றே ஊன்றிவிட்டேன்.