ஃபிரேசல் வெர்ப் படிக்க ஆன்கி: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

ஆங்கில ஃபிரேசல் வெர்ப்கள் (வினையோடு 'ஆஃப்', 'அப்' போன்ற சிறு சொல் சேர்ந்து தனிப் பொருள் தருபவை) மனத்தில் தங்க, கேள்வி-விடை அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும் ஆன்கி செயலி நன்றாகவே உதவுகிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் காசு. ஆனால் அட்டைகளை நாமே எழுத வேண்டும். பிறர் தொகுத்ததை இறக்கினால் பெரும்பாலும் 'புட் ஆஃப்', 'புட் அவுட்', 'புட் அப்' என்று வரிசையாக வந்து ஒன்றின் பொருள் இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும். ஒரே வினையில் தொடங்குபவற்றுக்கு நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

ஒரு பொருளுக்கு ஓர் அட்டை. கீழே விழுந்ததை எடுப்பதும் 'பிக் அப்', ஸ்டேஷனிலிருந்து ஆளைக் கூட்டி வருவதும் 'பிக் அப்', கேட்டுக் கேட்டே ஒரு மொழி படிவதும் 'பிக் அப்'. மூன்றையும் ஒரே அட்டையில் அடைத்தால் எதுவும் நிற்காது.

வாக்கியத்தில் சொல்லை மறைத்து நிரப்பச் சொல்லும் க்ளோஸ் வகை அட்டைதான் இதற்குப் பொருத்தம். 'ப்ளீஸ் டர்ன் இட் ஆஃப்' என்ற வாக்கியத்தில் 'டர்ன்', 'ஆஃப்' இரண்டையும் ஒரே எண்ணில் மறையுங்கள். வெவ்வேறு எண் கொடுத்தால் இரண்டு அட்டைகள் உருவாகி, தெரிகிற சொல் மறைந்த சொல்லைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் மறைந்தால் பல விடைகள் பொருந்துமே என்றால், குறிப்பில் 'அணை' என்று எழுதிவிடலாம். வாக்கியத்தில் 'இட்' இருப்பது அவசியம். 'டர்ன் ஆஃப் த ஃபேன்', 'டர்ன் த ஃபேன் ஆஃப்' இரண்டும் சரி. 'இட்' வந்தால் நடுவில்தான் நிற்கும். 'லுக் ஆஃப்டர் ஹிம்' பிரியவே பிரியாது. விதியாகப் படித்தால் பேசும்போது கைகொடுக்காத இந்த வேறுபாடு, வாக்கியமாகப் பழகினால் தானாக வரும்.

தினம் 20 புது அட்டை என்பது செயலியின் இயல்பு அமைப்பு. ஃபிரேசல் வெர்ப்க்கு அது மிக அதிகம், ஐந்து போதும். எட்டு முறை தவறிய அட்டையைச் செயலி 'லீச்' என்று குறித்துவிடும். அதை அப்படியே மீண்டும் ஓடவிடாமல் வாக்கியத்தை மாற்றுங்கள்.

நம்மவர்கள் தனி அட்டை போட வேண்டிய ஒன்று 'கோப் வித்' (சமாளிப்பது). 'புட் அப் வித்', 'கீப் அப் வித்' பழக்கத்தில் 'கோப் அப் வித்' என்று சொல்லிவிடுகிறோம், அது பிழை.

ஆன்கி தானாகச் சொல்லித்தராதது, எதை எங்கே பேசலாம் என்பது. கூட்டத்தைத் தள்ளிவைப்பதை நண்பரிடம் 'புட் ஆஃப்' எனலாம், அலுவலக அறிவிப்பில் 'போஸ்ட்போன்' பொருந்தும். அட்டையின் பின்புறம் 'பேச்சு', 'எழுத்து' என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.