ஊசியால் நரம்பில் அடிபட்ட வாய்க்கு அல்ட்ரா சாஃப்ட் பிரஷ்: மூன்று மாத அனுபவம்

நான் பஸ் கண்டக்டர். போன ஆவணியில் வலது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. மரத்துப்போவதற்கான ஊசி இறங்கிய நொடியில் உதடு வரை கரண்ட் அடித்தது. மூன்று நான்கு மணி நேரத்தில் தெளிய வேண்டிய மரப்பு, வலது கீழுதட்டிலும் முகவாயிலும் அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் மரத்த இடமே எரிய ஆரம்பித்தது. துண்டு உரசினாலே சுரீர் என்னும். கீழ்த்தாடை நரம்பில் அடிபட்டிருக்கிறது என்று பல் மருத்துவக் கல்லூரியில் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடுமாம். எனக்கு எட்டு மாதமாகிறது. ராத்திரி நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை 75 மில்லிகிராம் போடுகிறேன். எரிச்சல் பாதி அடங்கும், காலையில் தலை கிறுகிறுக்கும்.

பல் விளக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. பழைய மீடியம் பிரஷ் உதட்டோரம் பட்டாலே கண்ணில் தண்ணீர் வரும். பயத்தில் அந்தப் பக்கம் தேய்ப்பதையே விட்டேன். ஈறு வீங்கி ரத்தம் வந்தது.

அப்போதுதான் மெடிக்கலில் இந்த பிரஷை வாங்கினேன். 80 ரூபாய். தலை சின்னது, வாயை அகலத் திறக்காமல் இடது ஓரமாகவே உள்ளே நுழைத்துவிடலாம். நார் ஈறில் பட்டால் கூசுகிறது, எரிவதில்லை. ஒரு விஷயம் பழகப் பழகத்தான் தெரிந்தது: உதட்டை லேசாக உரசினால்தான் எரிச்சல், விரலால் அழுத்திப் பிடித்து விலக்கினால் அவ்வளவு இல்லை. அப்படிப் பிடித்துக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிறேன். ஈறில் ரத்தம் நின்றுவிட்டது.

குறையும் உண்டு. ஐந்தே வாரத்தில் நார் விரிந்துவிடுகிறது, இது மூன்றாவது பிரஷ். கடைசிப் பல்லுக்குப் பின்னால் அழுக்கு சரியாகப் போகாது. தலைக்குப் பின்புறம் இருக்கும் ரப்பர் மேடு கன்னத்தில் உரசுகிறது. அது இல்லாத மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பேஸ்ட்டையும் மாற்றாவிட்டால் பிரஷ் மாற்றிப் பயனில்லை. புதினா பேஸ்ட் எனக்குத் தீ. ஸ்ட்ராபெரி வாசனையுள்ள பிள்ளைகள் பேஸ்ட்டுக்கு மாறினேன். ஆனால் அவற்றில் சிலதில் ஃபுளோரைடு குறைவு, 1000 பிபிஎம் இருக்கிறதா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். விசிலை இன்னும் இடது ஓரத்தில் வைத்துத்தான் ஊதுகிறேன். ஆனால் காலை ஐந்து மணி டூட்டிக்குப் பல் விளக்கிவிட்டு, கண் கலங்காமல் கிளம்புகிறேன்.