சிலேத்தார் விமானிக்கு கார்மின் 430 டபிள்யூ இன்னும் ஏற்றதா?

ஜிபிஎஸ் வழிகாட்டி, விஓஆர்-ஐஎல்எஸ் (தரைநிலையங்கள் அனுப்பும் திசை, தரையிறங்கு வழிகாட்டிச் சமிக்ஞைகள்) வாங்கி, கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும் ரேடியோ என மூன்றையும் ஆறேகால் அங்குல அகலப் பெட்டிக்குள் அடைத்த கருவி கார்மின் ஜிஎன்எஸ் 430 டபிள்யூ. 430 வரிசை 1998ல் வந்தது. 2011ல் கார்மினின் அடுத்த கருவியான ஜிடிஎன் 650 வந்ததும் புதிய விமானங்களில் இதன் இடம் போய்விட்டது. ஆனாலும் பழைய செஸ்னா, பைப்பர் விமானங்களில் ஏறி உட்கார்ந்தால் பலமுறை கண்முன்னே இருப்பது இதுதான். சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்திலிருந்தோ நீரிணைக்கு அப்பால் மலேசியாவின் செனாயிலிருந்தோ பறக்கும் ஒருவருக்கு இது எப்படி? ரேடியோவுக்கு முழு மதிப்பெண். அப்ரோச்சுக்கு, அதாவது கருவியைப் பார்த்துத் தரையிறங்க நெருங்குவதற்கு, நல்ல மதிப்பெண். வரைபடத்துக்குப் பாதிதான்.

ரேடியோவிலிருந்து தொடங்குவோம். இடது ஓரத்தில் இரண்டு சத்தக் குமிழ்கள். மேலே இருப்பது காம், அதாவது பேசும் ரேடியோவுக்கு. அதைத் திருகினால்தான் பெட்டியே உயிர்பெறும். அதை அழுத்தினால் ஸ்குவெல்ச் (இரைச்சலை அடக்கும் தடுப்பு) விலகி மெலிந்த குரலும் காதில் விழும். கீழ்க் குமிழ் விஓஆர்-ஐஎல்எஸ்ஸுக்கு. அழுத்தினால் நிலையத்தின் மோர்ஸ் அடையாளம் கேட்கும். அலைவரிசை மாற்ற அவற்றுக்குக் கீழே இரட்டைக் குமிழ்: பெரிய வளையம் மெகாஹெர்ட்ஸ், சிறியது கிலோஹெர்ட்ஸ். மாற்றம் எப்போதும் ஸ்டேண்ட்பையில், அதாவது காத்திருக்கும் அலைவரிசையில்தான் விழும். இரட்டை அம்புப் பொத்தானை அழுத்தினால் மேலே ஏறிப் பயன்பாட்டுக்கு வரும். அதே பொத்தானை இரண்டு விநாடி பிடித்தால் நேராக அவசர அலைவரிசை 121.5. இருட்டிலும் விரல் தானாகப் போய்ச் சேரும் அளவுக்கு இந்த அமைப்பு தெளிவானது. மைக் பொத்தான் சிக்கிக்கொண்டால் 35 விநாடியில் ஒலிபரப்பைத் தானே நிறுத்திக்கொள்ளும். நெரிசலான சாங்கி, சிலேத்தார் அலைவரிசைகளில் அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அங்கே பேசிப் பழகியவர்களுக்குத் தெரியும்.

ஒரு பொறியும் இங்கேதான் இருக்கிறது. சிறிய குமிழை உள்ளே அழுத்தினால் கர்சர் காமிலிருந்து விஓஆர் கட்டத்துக்குத் தாவும். முப்பது விநாடி தொடாமல் விட்டால் மீண்டும் காமுக்கே திரும்பிவிடும். ஐஎல்எஸ் அலைவரிசையை இட நினைத்து, நடுவில் கோபுரத்துக்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி குமிழைத் திருப்பினால், மாறுவது காம் ஸ்டேண்ட்பை. திருப்பும் முன் எந்தக் கட்டம் ஒளிர்கிறது என்று ஒரு கணம் பார்ப்பதுதான் ஒரே வழி. நம் வட்டாரத்தில் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி போதும். ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டியில் 8.33 என்று வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் குமிழை வீணாகச் சுற்ற வேண்டிவரும்.

வலது பக்கம் ஜிபிஎஸ். பெரிய குமிழ் பக்கக் குழுவை மாற்றும், சிறியது குழுவுக்குள் பக்கத்தை மாற்றும். எங்கே தொலைந்துபோனாலும் சிஎல்ஆர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் முதல் வழிகாட்டிப் பக்கத்துக்கு வந்துவிடலாம். ஓர் இடத்துக்கு நேராகப் போக, டி எழுத்தின் குறுக்கே அம்பு போட்ட பொத்தான், பிறகு நான்கெழுத்துக் குறியீடு, என்டர், மீண்டும் என்டர். சிலேத்தார் டபிள்யூஎஸ்எஸ்எல், சாங்கி டபிள்யூஎஸ்எஸ்எஸ். கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. முதல் என்டருக்கு முன் திரையில் வரும் நிலையப் பெயரைப் படித்தே ஆக வேண்டும்.

வரைபடத்துக்கு ஏன் பாதி மதிப்பெண்? திரை 240க்கு 128 புள்ளிகள்தான். பாய லேபார், தெங்கா, சாங்கி வான்வெளிகளும் மலேசிய எல்லையும் சில கடல் மைலுக்குள் நெருக்கியடிக்கும் இடத்தில், கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி எது எதன் எல்லை என்றே புரியாமல் போகிறது. வான்வெளி எச்சரிக்கையும் அப்படித்தான்: எம்எஸ்ஜி (செய்தி) விளக்கு ஓயாமல் மினுக்கி, கடைசியில் யாரும் அதைப் பார்ப்பதே இல்லை. எச்சரிக்கைக்கான உயர இடைவெளியைக் குறைத்து வைத்தால் ஓரளவு அடங்கும். எல்லைகளுக்கு டேப்லெட்டும் காகித வரைபடமும் பக்கத்தில் இருக்கட்டும்.

பாதையிலிருந்து விலகுவதைக் காட்டும் முள்ளின் அளவுகோலையும் புரிந்துகொள்ள வேண்டும். என்ரூட் (நடுப்பயண) நிலையில் முள் ஓரத்தைத் தொட்டால் 2 கடல் மைல் விலகல். புறப்பட்ட, சேரும் நிலையங்களிலிருந்து 31 கடல் மைலுக்குள் அது 1 கடல் மைலாகச் சுருங்கும். ஆனால் பயணத் திட்டத்தில் நிலையங்களை இட்டிருந்தால்தான் அந்தச் சுருக்கம் நடக்கும். அதற்கும் குறுகலாக வேண்டுமென்றால் ஆக்ஸ் (துணை அமைப்புகள்) பக்கக் குழுவில் 0.3 என்று கையால் வைக்கலாம். இங்கே அது வீண் வேலையல்ல.

இப்போது பெயரிலுள்ள ‘டபிள்யூ’. அது வாஸ் துணைக்கோள் திருத்தத்தைக் குறிக்கிறது. வாஸ் வட அமெரிக்காவுக்கானது. இந்தியாவுக்கு ககன், ஜப்பானுக்கு எம்சாஸ். சிங்கப்பூருக்கென்று அப்படியொரு சேவை இல்லை. ஆகவே விளம்பரங்களில் மினுக்கும் எல்பிவி (இறங்கும் சரிவையும் துணைக்கோள் வழியே காட்டும்) அப்ரோச்சை இங்கே எதிர்பார்க்காதீர்கள். பக்கவாட்டு வழிகாட்டல் கிடைக்கும், இறங்கும் உயரத்தை உயரமானியையும் அப்ரோச் தாளையும் பார்த்துத்தான் காக்க வேண்டும். அப்படியும் டபிள்யூ இல்லாத பழைய 430ஐவிட இது மேல்: இடத்தை நொடிக்கு ஐந்து முறை கணக்கிடுகிறது, தவறான துணைக்கோளைத் தானே ஒதுக்குகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில், குறிப்பாக மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், இருட்டியபின் அயனிமண்டலக் கலக்கத்தால் ஜிபிஎஸ் சமிக்ஞை தடுமாறுவதுண்டு. இன்டெக் (ஜிபிஎஸ்ஸை நம்ப முடியாது என்ற) எச்சரிக்கை எரிந்தால் தயங்காமல் விஓஆருக்கு மாறுங்கள்.

ஜிபிஎஸ் அப்ரோச் நமக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மலேசியாவின் பாசிர் கூடாங்கில் கட்டடங்களின் உயரக் கட்டுப்பாடு தொடர்பான சர்ச்சைக்குப் பிறகு, 2019 ஏப்ரலில் சிலேத்தாரின் ஐஎல்எஸ் நடைமுறையைச் சிங்கப்பூர் விலக்கிக்கொண்டது. பதிலுக்கு ஜிபிஎஸ் சார்ந்த அப்ரோச்சை உருவாக்க இரு நாடுகளும் இணங்கின. புரோக் (நடைமுறை) பொத்தானில் அப்ரோச்சைத் தேர்ந்து ஏற்றுங்கள். இறங்குவதா, சுற்றிப்போவதா என்று முடிவாக வேண்டிய புள்ளியை அடைந்ததும் ஓபிஎஸ் பொத்தானுக்கு மேலே சஸ்ப் (நிறுத்திவைப்பு) என்று வரும். இறங்காமல் சுற்றிப்போக வேண்டுமென்றால் முதலில் இன்ஜின் விசை, ஏற்றம். அதன் பிறகே ஓபிஎஸ். அதை அழுத்தாதவரை பெட்டி அடுத்த புள்ளிக்கு நகராது.

ஐஎல்எஸ் உள்ள நிலையத்துக்குப் போனால் வேறு கவனம். அப்ரோச்சை ஏற்றும்போது அலைவரிசை ஸ்டேண்ட்பைக்குத்தான் வரும். மேலே ஏற்றுவது விமானியின் வேலை. முள் எதைப் பின்பற்றுவது என்று மாற்றும் சிடிஐ பொத்தானுக்கு மேலே விலாக் (விஓஆர்-ஐஎல்எஸ்) என்று இருக்க வேண்டும். ஜிபிஎஸ் என்றே இருந்தால் முள் நடுவில் அழகாக நிற்கும், இறங்கும் சரிவைக் காட்டும் முள்ளோ ஐஎல்எஸ்ஸோடு பேசாது. இந்தப் பெட்டியில் நடக்கும் தவறுகளில் ஆபத்தானது இதுதான்.

பழுதுகளில் முதலிடம் பெட்டியைத் தாங்கும் சட்டத்துக்கு. பெட்டியைச் சட்டத்தோடு இறுக்கும் திருகு 3/32 அங்குல அறுகோணச் சாவிக்கானது. அது முழுதாக உள்ளே போகாவிட்டால் பின்பக்க இணைப்பு அரைகுறையாக நிற்கும். ஒரு நாள் ஜிபிஎஸ் போகும், இன்னொரு நாள் ரேடியோ கரகரக்கும். அடுத்தது காம் ஒலிபரப்பால் ஜிபிஎஸ் விழுவது. ஜிபிஎஸ் அலை 1575.42 மெகாஹெர்ட்ஸ், 121.175இன் பதின்மூன்று மடங்கும் 131.275இன் பன்னிரண்டு மடங்கும் அதை ஒட்டியே விழுகின்றன. அதனால்தான் நிறுவும் கையேடு இந்த அலைவரிசைகளிலும் இவற்றின் இருபக்கத்திலும் 35 விநாடி ஒலிபரப்பிச் சோதிக்கச் சொல்கிறது. விபத்தில் இருப்பிடத்தை அறிவிக்கும் அவசர ஒலிபரப்பியின் ஆன்டெனாவே அலையைத் திருப்பி வீசுவதும் உண்டு. அங்கே ஒரு வடிகட்டி போட்டால் தீரும். வெயிலில் நின்ற விமானத்தைக் கிளப்பியதும் பெட்டியைப் போடாதீர்கள், கதவைத் திறந்து காற்று வாங்கவிடுங்கள். குளிர்விக்கும் விசிறி இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

நிலையங்களும் அப்ரோச்சுகளும் அடங்கிய தரவுக் கார்டு 28 நாளுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டியது. காலாவதியான தரவில் அப்ரோச் பறக்கக் கூடாது. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியில் அமெரிக்க வட்டாரக் கார்டு இருந்தால் சிலேத்தாரே அகப்படாது.

விமானத்தில் ஏற்கெனவே இது இருந்து, திரை பளிச்சென்று, குமிழ்கள் இறுக்கமாக இருந்தால் கழற்ற வேண்டாம். புதிதாகப் பொருத்துபவர் பழைய 430ஐத் தேடி அலையாமல் ஜிடிஎன் 650 எக்ஸ்ஐயைப் பார்க்கலாம்; இருக்கும் 430 டபிள்யூ சட்டத்திலேயே நுழையும் மாற்றுப் பெட்டி வேண்டுமானால் அவிடைன் ஐஎஃப்டி 440. பழையதை வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், விலை பேசும் முன் பெட்டியை அரைமணி நேரம் ஓடவிட்டு, 121.175இல் மைக்கை அழுத்தி, இன்டெக் எரிகிறதா என்று பாருங்கள்.